வானப் படம் எடுக்க: முதலில் மவுண்ட், பிறகு குழாய்

வானத்தைப் படமெடுக்கத் தொலைநோக்கி வாங்கக் கிளம்பும் பலரும் முதலில் கேட்பது "எத்தனை இன்ச்?" என்றுதான், அதாவது முகப்பு லென்ஸ் அல்லது ஆடியின் விட்டம். கண்ணால் பார்க்க அது சரியான கேள்வி. கேமராவுக்கோ குவியத்தூரமும் (லென்ஸ் அல்லது ஆடியிலிருந்து பிம்பம் குவியும் இடம்வரை உள்ள தூரம்), குழாயைத் தாங்கி வானோடு திருப்பும் மவுண்ட்டும்தான் முக்கியம்.

கணக்கு எளிது. பிக்சல் அளவை (மைக்ரான்) 206-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (மி.மீ.) வகுத்தால், ஒரு பிக்சலில் எத்தனை ஆர்க்செகண்ட் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வானம் விழுகிறது என்று தெரிந்துவிடும். 3.76 மைக்ரான் பிக்சலுக்கு 400 மி.மீ. குழாயில் சுமார் 1.9, 2000 மி.மீ. குழாயில் 0.39. காற்றின் அலைவே நட்சத்திரத்தைப் பெரும்பாலும் 2, 3 ஆர்க்செகண்ட் அகலத்துக்குப் பரப்பிவிடும். பிறகு 0.39-ஆல் என்ன பயன்? நுணுக்கம் அதிகமாகாது; மவுண்ட்டின் ஒவ்வொரு தடுமாற்றமும் ஐந்து மடங்காகத் தெரியும். ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம் (கேலக்ஸி) வானில் 3 பாகை நீளம். பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் உள்ள ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 400 மி.மீ.க்கு அது அடங்கும், 2000-இல் மையம் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே முதல் குழாயாக 60 முதல் 80 மி.மீ. விட்டமுள்ள, எஃப்/5 அல்லது எஃப்/6 (குவியத்தூரம் விட்டத்தைப்போல் 5 அல்லது 6 மடங்கு) இ.டி. ரிஃப்ராக்டரையே, அதாவது நிறப்பிழையைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி லென்ஸ் கொண்ட தொலைநோக்கியையே சொல்வேன். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் கொண்ட அக்ரோமேட் மலிவுதான், ஆனால் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி ஊதா வளையம் போடும். படத்தின் மூலைவரை ஃபோகஸைச் சமமாக்கும் ஃபிளாட்னர் லென்ஸையும் சேர்த்தே வாங்குங்கள். பெரும்பாலானவற்றில் அதிலிருந்து சென்சார்வரை 55 மி.மீ. இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மி.மீ. பிசகினாலே மூலை நட்சத்திரங்கள் இழுபடும்.

ஆடியால் ஒளியைக் குவிக்கும் நியூட்டோனியன் தொலைநோக்கி வாங்குவதானால், படமெடுப்பதற்கென்றே செய்ததா என்று கேளுங்கள். பார்வைக்கான பல குழாய்களில் டிஎஸ்எல்ஆர் மாட்டினால் ஃபோகஸே வராது; குவியப்புள்ளி சென்சாரை எட்டாமல் உள்ளேயே நின்றுவிடும். ஓரத்து நட்சத்திரங்கள் வால்போல் நீள்வதைச் சரிசெய்யும் கோமா கரெக்டரும் தேவை.

பணத்தில் பாதியாவது மவுண்ட்டுக்குப் போகட்டும். ஈக்வடோரியல் மவுண்ட்டாக இருக்கட்டும்: அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைத்தால், வானம் சுழலும் வழியிலேயே குழாயும் திரும்பும். மேலும் கீழும், இடமும் வலமும் மட்டுமே திரும்பும் ஆல்ட்-அசிமுத்தில் நீண்ட எக்ஸ்போஷரின்போது படம் சுழலும். 10 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் 5 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள்.

நம் ஊர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. துருவ நட்சத்திரம் நிற்கும் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்: சென்னையில் 13 பாகை, நாகர்கோவிலில் 8. சில மவுண்ட்கள் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும், குழாயைச் சமன்செய்யும் எதிரெடை வடக்குப் பக்கத்து முக்காலிக் காலில் இடிக்கும். முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே ஒரு பியர் எக்ஸ்டென்ஷன் (உயர்த்தும் குட்டைத் தூண்) வைத்தால் இடம் கிடைக்கும். வாங்குமுன் அட்சரேகை வரம்பைக் கட்டாயம் பாருங்கள்.

மார்கழி, தை இரவுகளில் பனி லென்ஸை மூடிவிடும் என்பதால் முதல் நாளிலிருந்தே லென்ஸைச் சுற்றிக் கட்டிச் சூடாக்கும் டியூ ஹீட்டர் பட்டை வேண்டும்.