ஓவென் சொல்லாமல் விட்டவை

பிரையன் ஃப்ரீல் எழுதி, 1980இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் முதன்முதலாக மேடையேறிய 'டிரான்ஸ்லேஷன்ஸ்' நாடகத்தை அண்மையில் பார்த்தேன். டொனகல் பகுதியின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில், 1833இல், பழைய கொட்டகையில் நடக்கும் ஒரு பள்ளியே களம். ஐரிஷ் மொழி வழியே லத்தீனும் கிரேக்கமும் பயிலும் அந்த ஊருக்கு வரைபடம் தயாரிக்க பிரிட்டிஷ் ராணுவத்தின் நில அளவைப் படை வருகிறது. இடப்பெயர்களை ஆங்கிலமாக்க உதவும் வேலையைச் சம்பளத்துக்கு ஏற்றிருப்பவன் ஆசிரியரின் இளைய மகன் ஓவென்.

நடிகர்கள் அனைவரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். ஆயினும் யார் ஐரிஷ் பேசுகிறார், யாருக்கு எது புரியவில்லை என்பது சற்று நேரத்தில் நமக்குப் பிடிபட்டுவிடுகிறது. இந்த உத்தி முழுப் பலன் தருவது கேப்டன் லான்சி ஊராரிடம் பேசும் காட்சியில்தான். ராணுவத்துக்குத் துல்லியமான தகவல் வேண்டும் என்பதற்காக இந்த அளவை என்கிறார் அவர். இந்த வேலையில் தேர்ந்தவர்கள் என்பதால் சிப்பாய்கள் செய்கிறார்கள் என்று ஓவென் பெயர்க்கிறான். லான்சி சொல்லும் வரிவிதிப்பு என்ற பேச்சே அவன் வாயில் காணாமல் போகிறது. அரங்கம் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆங்கிலேயருக்கு மொழிபெயர்த்த நம் துபாஷிகளின் வாரிசுகளான நமக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு எளிதாக வந்திருக்கக் கூடாது.

படையின் அதிகாரி யோலண்டுக்கும் ஊர்ப் பெண் மாய்ராவுக்கும் இடையிலான காதல் காட்சி பெரிதும் புகழப்படுவது. எனக்கு அது சற்று இனிப்பாகவே பட்டது. யோலண்ட் காணாமல் போனபின் லான்சி திரும்பி வரும் காட்சியோ வேறு வகை. யோலண்ட் கிடைக்காவிட்டால் 24 மணி நேரத்தில் கால்நடைகளைக் கொல்வோம், 48 மணி நேரத்தில் குடிகளை வெளியேற்றுவோம் என்று அவர் அறிவிக்கிறார். அழியவிருக்கும் ஊர்களைப் புதிய ஆங்கிலப் பெயர்களால் அவர் அடுக்க, ஒவ்வொன்றுக்கும் பழைய பெயரைச் சொல்லி விளக்க வேண்டிய நிலைக்கு ஓவென் வருகிறான். இம்முறை எதையும் மென்மையாக்க அவனுக்கு வழியில்லை. அண்மையில்தான் தன் பெயரைச் சொல்லக் கற்றிருந்த பள்ளி மாணவி சாரா, லான்சி அதட்டியதும் மீண்டும் ஊமையாகிறாள்.

உண்மையான அளவைப் படை இப்படிக் குடிகளை வெளியேற்றவில்லை என்பது நியாயமான ஆட்சேபம். அதில் பணியாற்றிய அறிஞர் ஜான் ஓ'டோனவன் ஊர் ஊராகச் சென்று மக்கள் வாய்ப்பெயர்களைக் கவனமாகப் பதிவு செய்தவர். அவருடைய குறிப்புகள் இன்றும் இடப்பெயர் ஆய்வாளர்களுக்கு ஆதாரம். பழைய பெயரை அக்கறையோடு குறித்துக்கொண்டே வரைபடத்துக்கு ஆங்கில வடிவத்தை எழுதிக் கொடுத்த அப்படியொருவரைப் போல ஓவென் படைக்கப்பட்டிருந்தால், அவனை வெறுப்பதும் மன்னிப்பதும் எனக்கு இன்னும் கடினமாகியிருக்கும்.