ஹான்ஸ்கனை வரைந்து பார்த்தேன்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1637-இல் கருப்புச் சாக் கட்டியால் வரைந்த யானையைப் பார்த்து வரையலாம் என்று மூன்று வாரங்களுக்கு முன் உட்கார்ந்தேன். மூலப்படம் வியன்னாவின் ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு அச்சுப்படியும் கரிப் பென்சிலும்தான்.

முதல் படம் பானைமேல் வலை போர்த்தியது போல வந்தது. வெளிக்கோட்டை முதலில் போட்டு, உள்ளே சுருக்கங்களை நிரப்பியதுதான் தப்பு. இரண்டாவதில் சுருக்கங்களை உடலின் வளைவோடு ஓடவிட்டு, வெளிக்கோட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். தோலுக்குக் கொஞ்சம் கனம் வந்தது. பின்னங்கால் மட்டும் நாயின் கால் மாதிரியே நின்றது. யானையின் பின்னங்கால் முட்டி நம்முடையது போல முன்பக்கம் மடங்கும் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். யானைக்குக் காலில் மூட்டே இல்லை என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பியிருக்கிறார்கள், அதனால் இதில் எனக்குப் பெரிய வெட்கமில்லை.

அந்த யானையின் பெயர் ஹான்ஸ்கன். மலையாளத்து 'ஆன'தான் டச்சு வாயில் இப்படி ஆனது என்கிறார்கள். இலங்கையில் பிறந்த பெண் குட்டி. 1633-இல் கப்பலேறி ஹாலந்து போய்ச் சேர்ந்தது. பிறகு ஊர் ஊராக வித்தை காட்டியே வாழ்க்கை. கொடி ஆட்டும், வாள் பிடிக்கும், துப்பாக்கி சுடும். இவற்றைக் கற்க அது என்ன பட்டிருக்கும் என்று யோசித்தபடியே தும்பிக்கையை மூன்று முறை அழித்தேன். ரெம்பிராண்ட் படத்தில் கொடியும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. சும்மா நிற்கிற யானை. வித்தையைக் காட்டித்தான் காசு வாங்கினார்கள். அவர் வரைந்துகொண்டு போனது தோலை.

1655 நவம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரச் சதுக்கத்தில் ஹான்ஸ்கன் இறந்தது. வயது இருபத்தைந்து இருக்கலாம். யானைகள் அறுபதைத் தாண்டியும் வாழக்கூடியவை. செத்துக் கிடந்ததை ஸ்டெஃபானோ டெல்லா பெல்லா என்ற இத்தாலிய ஓவியர் வரைந்தார். எலும்புக்கூடு அந்நகர அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்குப் பின், ஆசிய யானை இனத்துக்கே மாதிரி உடல், அதாவது அந்த இனம் எது என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் அடையாள உடல், என்று அறிவியலில் பதிவானது இந்த எலும்புக்கூடுதான்.

டெல்லா பெல்லாவின் படத்தையும் நேற்று வரைந்து பார்த்தேன். நிற்கிற யானைக்குப் பழகிய கை, கிடக்கிற உடலுக்கும் தூக்கிப் பிடித்த கோடாகவே போடுகிறது. பாதி தாளோடு நிறுத்திவிட்டேன். பின்னங்காலை மட்டும் தனியாக இன்னும் பத்து தடவை போட்டுவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றிருக்கிறேன்.