கணினிசார் சமூக அறிவியலுக்கு ஒரு பேராசிரியரைத் தேடுவது

கணினிசார் சமூக அறிவியலில் பேராசிரியர் பணியிடம் ஒன்றுக்கு வந்திருந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் வெளி வல்லுநராக அமரும் வாய்ப்பு அண்மையில் எனக்குக் கிடைத்தது. பல்கலைக்கழகத்தின் பெயரோ விண்ணப்பித்தவர்களின் பெயரோ இங்கே தேவையில்லை. இந்தத் துறைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று துணைவேந்தர்கள் சலித்துக்கொள்வதை அடிக்கடி கேட்கிறோம். ஆனால் ஆள் கிடைக்காமல் போவது பெரும்பாலும் நேர்காணல் அறையில் அன்று, அதற்குப் பல வாரங்கள் முன்பே, மதிப்பெண் கணக்கிடும் மேசையில்தான் என்பது என் கருத்து.

சமூக வலைத்தளப் பதிவுகள், கைப்பேசி அழைப்புத் தடங்கள், எண்மமாக்கப்பட்ட அரசு ஆவணங்கள் போன்ற பெருந்தரவுகளைக் கொண்டும் கணினி உருவகங்களைக் கொண்டும் சமூகத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை தேடுவதே இத்துறை. 2009ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் டேவிட் லேசரும் மற்ற 14 பேரும் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. அந்தப் பதினைந்து பேரில் அரசியல் அறிவியலாளர், சமூகவியலாளர், இயற்பியலாளர், கணினி அறிவியலாளர் எனப் பலரும் உண்டு. பிறப்பிலேயே கலப்புத் துறை. நம் விதிகளோ விண்ணப்பதாரர் ஒரு துறைக்குள் பிறந்து, அதே துறைக்குள் வளர்ந்து வந்திருப்பார் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நேரடி நியமனத்தில் பேராசிரியராக விரும்புபவருக்கு முனைவர் பட்டம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 10 ஆண்டு அனுபவம், முனைவர் பட்ட மாணவருக்கு நெறியாளராக இருந்து பட்டம் பெறச் செய்ததற்கான சான்று, மொத்தம் 120 ஆய்வு மதிப்பெண் ஆகியவை வேண்டும். சிக்கல் அந்த 120இல் இருக்கிறது. அறிவியல், பொறியியல் புலங்களில் ஓர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு 8 மதிப்பெண். கலை, சமூக அறிவியல் புலங்களில் அதே கட்டுரைக்கு 10. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவைப் பொறுத்து 5 முதல் 30 வரை கூடுதலாகச் சேரும். இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால், முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடும் மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் கிடைக்கும். லேசர் குழுவினரின் கட்டுரையையே இந்த அட்டவணையில் இட்டுப் பார்த்தேன்: சமூக அறிவியல் கணக்கில் கட்டுரைக்கு 10, தாக்கக் காரணிக்கு 30 என மொத்தம் 40; லேசருக்கு 28, மற்றவர்களுக்குத் தலா 12. இதில் பெரிய அநியாயம் எதுவும் இல்லை. கூட்டாக எழுதுபவர்களுக்கு எதிரான விதி இது என்ற புலம்பலை நான் ஏற்பதில்லை.

உண்மையான இழப்பு மாநாட்டுக் கட்டுரைகளில் நேர்கிறது. இணையம், சமூக ஊடகம் பற்றிய ஆய்வுகளுக்காக 2007 முதல் நடந்துவரும் ஐசிடபிள்யூஎஸ்எம் (ICWSM) போன்ற பன்னாட்டு மாநாடுகளில் முழுக் கட்டுரையையே அனுப்ப வேண்டும். பலர் படித்து, மறுத்து, திருத்தம் கேட்டு, அதன் பிறகே ஏற்பார்கள். கணினித் துறையிலிருந்து வருபவர்களின் சிறந்த ஆய்வுகள் பலவும் இங்கேதான் வெளியாகின்றன. நம் அட்டவணையிலோ அதற்கு வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை வாசித்ததற்கான 7 மதிப்பெண் மட்டுமே. அதுவும் இந்த வகையில் பெறும் மதிப்பெண், கொள்கை ஆவணங்களுக்கு உரியதையும் சேர்த்து, மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 120இல் 30 விழுக்காடு என்றால் 36. ஐந்து கட்டுரைகளில் அந்த வாசல் ஏறக்குறைய அடைபட்டுவிடும். நான் பார்த்த விண்ணப்பங்களில் ஒன்று இப்படித்தான் ஒதுக்கப்பட்டது. அந்த மதிப்பெண் தாளில் மாநாட்டுக் கட்டுரைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சை மையில் 7, 7, 7 என்று எழுதி, வரம்பைத் தாண்டியவற்றை ஒரே கோட்டில் அடித்திருந்தார்கள். எழுத்தர்மீது குற்றமில்லை; விதி அப்படித்தான் இருக்கிறது. இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு: கணினிவழிக் கூட்டுப்பணி பற்றிய சிஎஸ்சிடபிள்யூ (CSCW) மாநாட்டின் கட்டுரைகள் இப்போது ஓர் ஆய்விதழின் பெயரில் வெளிவருகின்றன. அதே ஆய்வர்கள், அதே வகை ஆய்வு. அட்டை மாறியதால் இங்கே மதிப்பெண்ணும் மாறிவிடுகிறது.

அடுத்தது பட்டம் எந்தத் துறையில் என்ற கேள்வி. இத்துறையின் முன்னணி ஆய்வாளர்களில் ஒருவரான டங்கன் வாட்ஸ் முனைவர் பட்டம் பெற்றது கார்னெல் பல்கலைக்கழகத்தில், இயக்கவியலில். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில் பேராசிரியராக இருந்தார். 2019 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொறியியல், தகவல்தொடர்பு, வணிகம் ஆகிய மூன்று புலங்களுக்கும் பொதுவாகப் பணியாற்றுகிறார். அவர் நம்மூர்ச் சமூகவியல் துறை ஒன்றுக்கு விண்ணப்பித்தால் முதல் சுற்றிலேயே 'பட்டம் தொடர்பற்றது' என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் சார்ந்த துறை, தொடர்புடைய துறை எதில் பட்டம் பெற்றவரையும் ஏற்கலாம் என்று விதியே இடம் தருகிறது. எவையெல்லாம் தொடர்புடைய துறைகள் என்பதை அறிவிக்கையிலேயே பட்டியலிட்டிருந்தால் போதும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, விண்ணப்பங்கள் வந்தபின் குழுவில் உட்கார்ந்து விவாதித்தால், நீதிமன்றத்துக்கு அஞ்சிக் குறுகிய பொருளையே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆய்வுக்கூடங்களிலும் தொழில்துறையிலும் 10 ஆண்டு பணியாற்றிய, முனைவர் பட்டம் பெற்ற சிறந்த வல்லுநர்களை எடுக்க அதே விதிமுறையில் தனிப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதையும் அறிவிக்கையில் வெறுமனே படியெடுத்துப் போடுகிறார்களே தவிர, பயன்படுத்தக் கண்டதில்லை.

2025 ஜனவரியில் வெளியான புதிய வரைவு விதிமுறைகள் இந்த மதிப்பெண் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளில் குறைந்தது நான்கைக் காட்டச் சொல்கின்றன. துணைவேந்தர் நியமனத்தில் மாநிலங்களின் உரிமையைப் பறிப்பதாக அந்த வரைவைத் தமிழ்நாடு எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. மதிப்பெண்ணைக் கைவிடும் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் பேசியிருக்கலாம் என்ற வருத்தமும் உண்டு.

பணியிடத்தை எந்தத் துறையில் வைப்பது? என்னைக் கேட்டால் சமூகவியலில் வைக்க வேண்டும். கணினித் துறையில் வைத்தால், அவருக்கு முதல் பருவத்திலேயே நிரலாக்க வகுப்புகளைத் தலையில் கட்டிவிடுவார்கள்; மூன்றாண்டில் அவர் இன்னொரு கணினி ஆசிரியராகிவிடுவார். சமூகவியலில் இருந்தால் கேள்விகளாவது சமூகத்தைப் பற்றியவையாக இருக்கும். சர்வர் வாங்கப் பணம் கேட்டு அலைவார், அது வேறு கதை.

நேர்காணல் வரை வந்தவர்களிடம் என்ன கேட்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. எந்த மென்பொருள் தெரியும் என்று கேட்பது வீண்; தரவு எங்கிருந்து வந்தது, அதில் யார் இல்லை என்று கேட்க வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 33 விழுக்காட்டினரும் ஆண்களில் 57 விழுக்காட்டினரும்தான் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தனர். ட்விட்டர் பதிவுகளை வைத்து மக்கள் கருத்தை அளந்ததாகச் சொல்லும் விண்ணப்பதாரர் இந்த எண்களுக்கு முன்னால் என்ன செய்கிறார் என்று பார்த்தால் போதும். சிலர் பதிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 2013இல், மக்கள் இணையத்தில் தேடிய சொற்களைக் கொண்டு கூகுள் செய்த ஃப்ளூ காய்ச்சல் கணிப்பு, மருத்துவர்களிடம் காய்ச்சலுக்காகச் சென்றவர்களின் உண்மையான அளவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கைக் காட்டியது. அதனிடம் தரவுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 2023இல் ட்விட்டர் ஆய்வாளர்களுக்கான இலவசத் தரவு வழியை மூடிய பிறகு தம் ஆய்வை எப்படித் தொடர்ந்தார் என்பதும் நல்ல கேள்வி. நேர்காணலுக்கு வந்தவர்களில் ஒருவர், அதன்பின் கிராமங்களுக்குப் போய்க் கேள்வித்தாளோடு உட்கார்ந்ததாகவும், கைப்பேசி ஒருவர் பெயரிலும் பயன்பாடு வீடு முழுவதற்குமாக இருந்ததால் தம் பழைய கணக்குகளை மாற்ற வேண்டியிருந்ததாகவும் சொன்னார். நான் அவருக்கே முதலிடம் தந்தேன். குழுவின் மற்ற உறுப்பினர்கள் அவரது 120ஐ மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள், கூட்டினோம், 122.4 வந்தது.