ஆய்வேடு எழுதும் அதிகாரிகள்

படைத்துறை அதிகாரிகளும் பாதுகாப்பு அமைச்சகத்தின் குடிமைப் பணியாளர்களும் சேர்ந்து பயிலும் முதுகலைப் படிப்பில், ஆய்வு முறையியலையும் பாதுகாப்புப் பொருளியலையும் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். இங்கே வருகிறவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்லர். பணியில் சேர்ந்த நாள்முதல் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். நான் எதிர்கொள்ளும் சிக்கலே அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

படை அதிகாரி எழுதும் கருத்துரு முடிவை நோக்கியே ஓடும். நிலைமை என்ன, எந்தெந்த வழிகள் உள்ளன, எதைப் பரிந்துரைக்கிறேன் என்று ஓரிரு பக்கங்களுக்குள் சொல்லி முடிக்க வேண்டும். களத்தில் தயக்கம் உயிர்களைப் பறிக்கும் என்பதால் அந்தப் பயிற்சியை நான் ஒருபோதும் குறைகூற மாட்டேன். அமைச்சக அதிகாரியின் கோப்புக் குறிப்பு வேறு வகை. முன்னுதாரணம் உண்டா, எந்த விதி பொருந்தும், நிதிப் பிரிவு இசைந்ததா என்று படிப்படியாக நகர்ந்து, பின்னாளில் தணிக்கை வந்தாலும் நிற்கும்படி அது அமையும். ஆய்வேட்டுக்கு இவ்விரண்டும் போதா. விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, தன் கருத்துக்கு எதிரான சான்றையும் அதன் முழு வலிமையோடு முன்வைத்து, எவ்வளவு தூரம் நிறுவ முடிந்ததோ அவ்வளவை மட்டுமே சொல்லும்படி அது கேட்கிறது. முதல் பருவத்தில் என் உழைப்பின் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது.

இவ்விரு தரப்பாரையும் ஒன்றாக அமரவைக்கும் எண்ணம் புதிதன்று. 1927இல் லண்டனில் தொடங்கப்பட்ட இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜ், முப்படைகளின் மூத்த அதிகாரிகளோடு குடிமைப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டது. 1960இல் புது தில்லியில் உருவான தேசியப் பாதுகாப்புக் கல்லூரியும் அவ்வழியிலேயே பிரிகேடியர் நிலை அதிகாரிகளையும் அவர்களுக்கு இணையான குடிமைப் பணியாளர்களையும் 47 வாரங்கள் ஒன்றாகப் பயிலவைக்கிறது. ஜெர்மனியின் வழி வேறு: 1973இல் ஹாம்பர்கிலும் மியூனிக்கிலும் படைத்துறைக்கென்றே முழுப் பல்கலைக்கழகங்களை நிறுவி, இளம் அதிகாரிகளைப் பணிக்காலத்தின் தொடக்கத்திலேயே பட்டம் பெறச் செய்தது. படையிலிருந்து விலகிய பிறகும் அப்பட்டம் வெளியுலகில் செல்லும் என்பதால் அந்த ஏற்பாட்டின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும், நடுவயதில் இரு தரப்பாரும் ஒரே மேசையில் மோதிக்கொள்ளும் வகுப்பு தரும் கல்வியை அது தந்துவிடாது.

போர் விமானம் ஒன்றின் வாழ்நாள் செலவைக் கணக்கிடும் பயிற்சியில் இதைத் தெளிவாகக் காண்கிறேன். வாங்கும் விலையைவிட, அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அதை இயக்கவும் பராமரிக்கவும் ஆகும் செலவே பெரும்பாலும் மிகுதியாக இருக்கும். நிதிப் பிரிவிலிருந்து வந்தவர் இதை அட்டவணையில் நன்கு அறிவார்; ஆனால் உதிரிபாகத் தலைப்பில் வெட்டப்படும் தொகை, சில மாதங்கள் கழித்துப் பறக்க முடியாமல் நிற்கும் விமானங்களாகவும் குறைந்துபோன பயிற்சி நேரமாகவும் மாறுவதை, அணியொன்றை நடத்திய விமானி எதிரே அமர்ந்து சொல்லும்போதுதான் அவருக்கு அந்த எண் உயிர்பெறுகிறது. அந்த விமானியோ, நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்பதையும், எஞ்சினியர்கள் கேட்ட திருத்தம் ஒவ்வொன்றுக்கும் வேறொரு படைப்பிரிவின் தேவை தள்ளிப்போகிறது என்பதையும் அப்போதுதான் முழுதாக உணர்கிறார். ஒருவர்மீது ஒருவர் ஆண்டுக்கணக்கில் கொண்டிருந்த ஐயம் அந்த மேசையில் ஓரளவேனும் குறைவதைப் பார்ப்பதற்காகவே நான் இப்பணியில் நீடிக்கிறேன் என்று சொல்வேன்.

பதவி மட்டம் வகுப்பறைக்குள்ளும் நுழையத்தான் செய்கிறது. மூத்தவர் பேசி முடித்தபின் இளையவர் மறுப்பதில்லை. ஆகவே விவாதத்தை எப்போதும் பணியில் இளையவரிடமிருந்தே தொடங்குகிறேன். சொன்னதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யாரென்று வெளியிடக் கூடாது என்னும் சத்தாம் ஹவுஸ் விதியும் (அதுவும் 1927இல் பிறந்ததே) பெரிதும் துணைபுரிகிறது.

அதைவிடக் கடினமானது இரகசியக் காப்பு. தாம் மிக நன்றாக அறிந்ததையே இவர்கள் ஆய்வேட்டில் எழுத முடியாது. வெளியான வரவு செலவுத் திட்டம், நாடாளுமன்றக் குழு அறிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவற்றிலிருந்தே வாதத்தைக் கட்ட வேண்டும். தொடக்கத்தில் இது கைகளைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். ஆனால் ‘எனக்குத் தெரியும்’ என்பது சான்றாகாது, பிறர் சரிபார்க்கக் கூடியதே சான்று என்பதை இதைவிட உறுதியாகக் கற்பிக்கும் வேறொரு வழியை நான் அறியேன்.

எனக்குள்ள பெரிய மனக்குறை படிப்பு முடிந்தபின் நடப்பது பற்றியது. பராமரிப்புச் செலவைப் பற்றி அருமையான ஆய்வேடு எழுதிய அதிகாரி, அதனோடு தொடர்பே இல்லாத பணியிடத்துக்கு அனுப்பப்படுகிறார். ஆய்வேடு நூலக அடுக்குக்குப் போகிறது. படிப்புக்கு அனுப்பும் ஆணையிலேயே அதன்பின் குறைந்தது ஒரு பணிக்காலம் எந்தப் பிரிவில் அமர்த்தப்படுவார் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆய்வேட்டின் தலைப்பை அந்தப் பிரிவோடு கலந்துபேசியே முடிவுசெய்ய வேண்டும். பணியிட மாறுதலைத் தீர்மானிப்போரும் பாடத்திட்டத்தைத் தீர்மானிப்போரும் ஆண்டுக்கு ஒருமுறை சேர்ந்து அமர்ந்தாலே இது நடந்துவிடும்.