டாக்டருக்கே தெரியாதா?

மயக்கவியலில் எம்.டி. சேர்ந்து மூன்றாவது வாரம். கைடு சாரிடம் தீசிஸ் தலைப்பு என்று ஒரு தாளை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தலைப்பு இருக்கட்டும்மா. கேள்வி என்ன?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற தொண்டை வலி, அதிமதுரம், சார்."

"இது கேள்வியா? மளிகை லிஸ்ட் மாதிரி இருக்கு."

விஷயம் இதுதான். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆபரேஷனில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுகிறோம். கண் விழித்த பிறகு பலருக்குத் தொண்டை வலிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, இரண்டொரு நாளில் தானாகப் போய்விடும். அதனாலேயே யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. மயக்கம் கொடுக்கும் முன் அதிமதுரத் தண்ணீரைக் கொப்பளிக்க வைத்தால் வலி குறைகிறது என்று 2009இல் லக்னோவில் 40 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று சொன்னது. 2013இல் வியன்னாவில் 236 பேரை வைத்துச் செய்தார்கள். அங்கேயும் வலி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எங்கள் பாட்டி தொண்டைக்குக் கொடுத்த சரக்கை வியன்னாக்காரர்கள் ஆராய்ந்திருக்கிறார்களே என்ற ரோஷம்தான் நான் இதை எடுத்ததற்கு உண்மையான காரணம். புரோட்டோகாலில் வேறு காரணம் எழுதியிருக்கிறேன்.

யாருக்கு, எதை, எதோடு ஒப்பிட்டு, எதை, எப்போது அளக்கப் போகிறாய் என்று சார் ஐந்து தடவை திருப்பி அனுப்பினார். ஆறாவது தடவை அது ஒரு கேள்வியாக ஆகியிருந்தது.

இதற்கிடையில் மருத்துவ மேற்படிப்பு (பிஜி) மாணவர்கள் எல்லோரும் முடித்தாக வேண்டிய ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பு வந்தது. சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்துவது. நைட் டியூட்டி முடித்து வந்து காதில் ஹெட்போனோடு தூங்கிப்போன பாடங்கள் பல. தேர்வுக்கு மட்டும் மையத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். சான்றிதழுக்காகத்தான் உட்கார்ந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் சாம்பிள் சைஸ், அதாவது ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற பாடத்தை மட்டும் பிறகு மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

ஏனென்றால் அங்கேதான் முதல் சபலம் வந்தது. டியூப் போட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு வலி வரும், கொப்பளித்தால் அது 30 ஆகக் குறையும் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான 5 சதவீதப் பிழை (இல்லாத வித்தியாசம் இருப்பதாகத் தோன்றும் வாய்ப்பு), 80 சதவீத பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) கணக்கில் ஒரு குழுவுக்கு 40 பேர் போதும். 60 என்பது 45 ஆகத்தான் குறையும் என்று அடக்கமாக எதிர்பார்த்தால் ஒரு குழுவுக்கு 170 பேர் வேண்டும். ஒரே ஃபார்முலா. எதிர்பார்ப்பைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கினால் ஒரு வருட வேலை மிச்சம்! முதலில் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்குத் தோதாக வித்தியாசத்தைப் பின்னாலிருந்து தேடிப் பிடிப்பது ஊரறிந்த ரகசியம். நானும் 60க்கு 30 என்றுதான் போட்டேன். முந்தைய ஆய்வுகளில் பாதியாகக் குறைந்தது என்பது என் சாக்கு. நடுவில் விட்டுப் போகிறவர்களையும் சேர்த்துக் குழுவுக்கு 45, மொத்தம் 90. சின்ன வித்தியாசம் இருந்திருந்தால் என் ஆய்வின் கண்ணில் அது பட்டிருக்காது. இதைத் தீசிஸின் குறைபாடுகள் பகுதியில் எழுத வைத்தவர் சார்.

அடுத்தது எதிக்ஸ் கமிட்டி, நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் குழு. தலைவர் கல்லூரிக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும், குறைந்தது ஐந்து பேராவது உட்கார வேண்டும், அதில் மருத்துவம் சாராதவரும் இருக்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று சீனியர்கள் சொல்லி அனுப்பினார்கள். நாற்பது நிமிடம் நின்றேன்.

முதல் அடி மருந்தியல் (பார்மகாலஜி) மேடத்திடமிருந்து. ஒப்பீட்டுக் குழுவுக்குச் சாதாரணத் தண்ணீர் என்று எழுதியிருந்தேன். "அதிமதுரம் இனிக்கும். தண்ணி இனிக்காது. வாயில வச்ச உடனே எந்தக் குழுன்னு பேஷன்டுக்குத் தெரிஞ்சிடாதா?" வியன்னாக்காரர்கள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது இதற்காகத்தான். கட்டுரையை நாலு தடவை படித்திருந்தேன், அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லை. இரண்டாவது, அதிமதுரம் உள்ளே போனால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். துப்பிவிடப் போகிறார்கள் என்றாலும் பி.பி. உள்ளவர்களையும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களையும் சேர்க்கக் கூடாது என்றார்கள். சித்த மருத்துவர் ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி வரவும் சொன்னார்கள்.

அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டேன். தடுமாறியது தமிழில். மருத்துவம் சாராத உறுப்பினர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அதுவரை பேசாமல் சம்மதப் படிவத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"'சமவாய்ப்பு ஒதுக்கீட்டு முறையில் தாங்கள் ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்.' இதை யார் எழுதியது?"

"நான்தான், ஐயா."

"ஒதுக்கீடுன்னா என்ன நினைப்பாங்க தெரியுமா? ஜாதிச் சான்றிதழ் எடுத்துட்டு வரணுமான்னு கேப்பாங்க."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 'பரிசோதனை' என்று நான் எழுதிய இடமெல்லாம் கோடு. ரத்தப் பரிசோதனையும் பரிசோதனைதான், எலிக்குச் செய்வதும் பரிசோதனைதான், இவர்கள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்றார். 'தாங்கள் எந்நேரமும் விலகிக்கொள்ளும் உரிமை உடையவர்' என்பதை அடித்துவிட்டு, 'வேண்டாம் என்று எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம். உங்கள் ஆபரேஷனோ கவனிப்போ இதனால் மாறாது' என்று எழுதிக் கொடுத்தார். ஒதுக்கீடு, 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' ஆயிற்று. அடுத்த கூட்டத்தில்தான் ஒப்புதல் கிடைத்தது. மற்ற உறுப்பினர்கள் என் ஆய்வைத் திருத்தினார்கள் என்றால், இவர் என் பேச்சைத் திருத்தினார்.

ஒப்புதல் வந்த கையோடு நோயாளியைச் சேர்த்துவிட முடியாது. மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு, 2007லிருந்து இருக்கிறது, அதில் பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ஆய்வைத் தொடங்கிவிட்டுப் பின்னால் பதியும் வேலை செல்லாது. முதல் நோயாளிக்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும். நான் முக்கிய முடிவு என்ற கட்டத்தில் 'தொண்டை வலி' என்று மட்டும் போட்டு, எந்த மணி நேரத்தில் அளப்பது என்பதை விட்டுவிட்டேன். திரும்பி வந்தது. சரிசெய்தால் வேறொன்று. எல்லாம் என் அவசரத்தில் விழுந்த ஓட்டைகள். அந்த வாரங்களில் ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) கண்ணெதிரே பொருத்தமான நோயாளிகள் போய்க்கொண்டே இருந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் பசியோடு நிற்பது போல இருந்தது.

அப்புறம் உறைகள். எந்த நோயாளிக்கு எந்தத் தண்ணீர் என்ற வரிசையைச் சமூக மருத்துவத் துறையின் புள்ளியியல் சார் கம்ப்யூட்டரில் எடுத்து, 90 உறைகளில் போட்டு ஒட்டி, எண்ணிட்டுக் கொடுத்தார். சீட்டில் ஏ என்றால் அதிமதுரம், பி என்றால் சர்க்கரைத் தண்ணீர். வெள்ளை உறைகள். பெருமையாகக் கைடு சாரிடம் காட்டினேன். ஒன்றை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "பி," என்றார். இன்னொன்று. "இதுவும் பி." அடுத்த உறை சர்க்கரைத் தண்ணீர் என்று முன்கூட்டியே தெரிந்தால், தொண்டை ஏற்கெனவே கரகரவென்று இருப்பவரை அந்த உறைக்குச் சேர்க்க மனசு தானாகத் தந்திரம் செய்யும், தெரிந்து செய்ய வேண்டியதில்லை என்றார். ஹோட்டலில் பரோட்டா மடிக்கும் அலுமினியத் தாளை ஒரு ரோல் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். புள்ளியியல் சார் முகத்தைச் சுளித்தாலும், சீட்டுகளை அதில் மடித்துப் புது உறைகளில் போட்டு மறுபடி ஒட்டிக் கொடுத்தார். உறையைப் பிரித்துத் தண்ணீரைக் கலக்குவது ஓ.டி. சிஸ்டர். எனக்கு வருவது மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர், உள்ளே 30 மில்லி.

முதல் ஆளிடமே தவறு செய்தேன். ஓ.டி.க்கு வெளியே காத்திருக்கும் அறையில், பச்சை கவுன் மாட்டி, கையில் ஊசி ஏற்றி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் படிவத்தை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த நிலைமையில அவங்க உன்கிட்ட வேண்டாம்னு சொல்வாங்களா?" உறை பிரிக்கவில்லை. அவரைச் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு முந்தின நாள் சாயங்காலமே வார்டுக்குப் போய்விடுவேன், பார்வையாளர் நேரத்தில், வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது. கைநாட்டு வைப்பவர் என்றால் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் சாட்சி. பெரும்பாலும் பக்கத்துக் கட்டில்காரரின் பிள்ளைகள் கிடைப்பார்கள்.

பித்தப்பைக் கல்லுக்கு வந்த ஓர் அம்மா பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதிமதுரம்தானே, எங்க ஊர் நாட்டு மருந்துக் கடையில கிடைக்குதே, இதுக்கா இத்தனை கையெழுத்து?" என்றார். இதைச் சமாளிக்கலாம். மாட்டிக்கொண்டது ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம்.

"எனக்கு எந்தத் தண்ணி வரும்?"

"அது எனக்கும் தெரியாதுண்ணே. சீட்டுக் குலுக்குற மாதிரிதான்."

"டாக்டருக்கே தெரியாதா? அப்ப நான் எதை நம்பிக் கொப்பளிக்கிறது?"

படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் டியூப் போட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் வார்டில் என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கூப்பிட்டு, "தொண்டை வலிக்குது டாக்டரம்மா. அதைக் கொப்பளிச்சிருந்தா வந்திருக்காதா?" என்றார். தெரியலண்ணே என்று மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வலியோடு.

சாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 1956இல் இதே சென்னையில் தொடங்கிய காசநோய் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையத்தின் கதையைச் சொன்னார். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோய்க்காரரை சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்து நல்ல சாப்பாடு, ஓய்வு கொடுத்தால்தான் தேறுவார் என்று அன்றைய டாக்டர்கள் எல்லோருக்கும் 'தெரியும்'. நெரிசலான வீட்டில், அரைச் சாப்பாட்டில் இருப்பவருக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தார்கள். ஒரு வருடத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள், வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவுகள் வந்தன. "தெரியாதுன்னு ஒத்துக்கிட்டதாலதான் தெரிஞ்சுது," என்றார். அடுத்த நோயாளியிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒரு வழி கிடைத்தது. அதற்கப்புறமும் மறுத்தவர்கள் உண்டு, அது அவர்கள் இஷ்டம்.

ஒருவர் கொப்பளிக்கச் சொன்னதை மடக்கென்று குடித்துவிட்டார். "தண்ணி கொடுத்தா குடிக்கிறதுதானே?" மயக்கத்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால் சீனியர் சார் அவர் கேஸைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார். அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாது, எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவிலேயே எண்ண வேண்டும், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். வெளியே எடுப்பதை ஆரம்பித்தால் நமக்குப் பிடிக்காதவர்களை எல்லாம் எடுக்கத் தோன்றும்.

என்னை அதிகம் படுத்தியது கடைசிக் கட்டம், வலி இருக்கிறதா என்று கேட்பது. எந்தத் தண்ணீர் என்று தெரியாத ஜூனியர் ஒருத்தி போய்க் கேட்பாள். முதல் சில நாள் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள்; எல்லோரும் தையல் வலியைச் சொன்னார்கள், தொண்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. "தொண்டை வலிக்குதா?" என்று கேட்டதும் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். கேட்கும் விதத்தில் எண்ணிக்கை மாறும் என்று 1987லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது, நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அதோடு தமிழ். ஒருவருக்கு வலி, ஒருவருக்கு எரிச்சல், ஒருவருக்குக் கரகரப்பு, ஒருவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. "வலி இல்லம்மா, முள்ளு மாட்டுன மாதிரி இருக்கு" என்பவருக்கு என்ன மார்க் போடுவது? கடைசியில் ஒரே வாக்கியத்தை அட்டையில் எழுதி, எல்லோரிடமும் அதையே வாசிக்க வேண்டும் என்று வைத்தோம். கமிட்டிக்குத் திருத்தமாக அனுப்பி ஒப்புதலும் வாங்கினோம். அதற்கு முன் கேட்டவர்களின் விவரமும் தீசிஸில் இருக்கிறது.

மாஸ்டர் சார்ட், எக்செல், பி மதிப்பு, பைண்டிங் கடை எல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே கல்லூரியில் 90 பேரை வைத்துச் செய்தது. இதை நம்பி யாரும் வீட்டில் அதிமதுரம் காய்ச்ச வேண்டாம், குறிப்பாக பி.பி. உள்ளவர்கள்.

தேர்வில் வெளிமாநிலத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் தீசிஸைப் புரட்டிக்கொண்டே, வலியை எப்படிக் கேட்டீர்கள் என்றார். ஆங்கிலத்தில் இருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "இதையா கேட்டீங்க?" என்றார். இல்லை சார், தமிழில் என்றேன். பின்னிணைப்பைத் திருப்பினார். பெங்களூரில் படித்த காலத்தில் கற்ற தமிழாம். விரலை வைத்து எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார்: "டியூப் போட்ட பிறகு, தொண்டையில் வலி, எரிச்சல், க... கர..."

"கரகரப்பு, சார்."

தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனார்.