கால் அங்குலம் கூடின தோட்டா

சுட்ட தோட்டாவின் வெற்று உறையை, நாங்கள் கோது என்பதை, கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று விளங்கியது. புதுத் தோட்டா, பிளாஸ்டிக் உறை. சுட்டு முடிந்தால் மடித்திருக்கிற வாய் விரிந்து நேராக நிற்க வேண்டும். இதன் வாயோ எலி கரம்பினது மாதிரி நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. துவக்கை, அதாவது துப்பாக்கியை, திறக்கவே முழங்காலில் வைத்து அமத்த வேண்டி வந்தது. தோளில் விழுந்த உதை இரண்டு நாள் நொந்தது.

சுட்டது பன்றி கலைக்க. செட்டிகுளம் பக்கம் எங்கள் காணிக்குப் பின்னால் காடு. ஒரு கூட்டம் இறங்கினால் கச்சான் (நிலக்கடலை) பாத்தியை உழுத மாதிரி கிண்டிவிட்டுப் போகும். யானைக்கு என்றால் வனசீவராசிகள் திணைக்களம் தருகிற யானை வெடி இருக்கிறது. பன்றிக்குப் பந்தமும் தகரமும் கொஞ்ச நாளைக்குத்தான் வேலை செய்யும், பிறகு அதுகளுக்குப் பழகிவிடும். கட்டுத்துவக்கு, அதாவது வழியில் கட்டி வைத்துத் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கிற துவக்கு, வைக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். விறகுக்குப் போன மனுசரின் காலை அது எடுத்ததைக் கண்டவன் நான். அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. அதனால்தான் அப்பாவின் பெயரில் இருந்த துவக்கை முறைப்படி என் பெயருக்கு மாற்ற ஓடித் திரிந்தேன்.

ஓட்டம் ஒன்றரை வருடம். யுத்த காலத்தில் அப்பா அதைப் பொலிசில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருந்தார். எத்தனை இடப்பெயர்விலும் அம்மா அந்தத் துண்டைக் காணி உறுதியோடு சேர்த்துச் சுற்றிக் காப்பாற்றியதால்தான் துவக்கு மிஞ்சியது. அப்பாவின் மரணச் சான்றிதழ், விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், காணிப் பத்திரம், கமநல சேவை நிலையத்தில் பயிர்ச் சேதத்துக்கான உறுதிப்படுத்தல், பொலிஸ் அறிக்கை, வைத்தியச் சான்றிதழ், பிரதேச செயலகம், கடைசியாகக் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். ஒரு இடத்தில் என் கோப்பே காணாமல் போய், முழுவதையும் திரும்பக் கொடுத்தேன். இந்த வேலைக்கு இறங்குகிறவர்கள் ஒவ்வொரு கடதாசியிலும் மூன்று பிரதி எடுத்து வையுங்கள். கொடுத்த திகதியையும் வாங்கினவரின் பதவியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் இன்னும் எங்களை ஆளுகிறது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் தவறினாலும் சட்டப்படி கையில் இருப்பது அனுமதியில்லாத ஆயுதம்.

பத்திரம் கிடைத்த சந்தோசத்தில் துவக்கைப் பற்றி நான் ஒன்றுமே யோசிக்கவில்லை. 12 போர் அளவுக் குழல், இரட்டைக் குழல், வெளியே இரண்டு குதிரை (தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியல்). 12 என்றால் 12 தானே. பத்திரத்தைக் காட்டித் தோட்டா வாங்கினேன். போட்டேன். வடிவாக உள்ளே போனது, துவக்கும் பூட்டியது. பூட்டினால் சரி என்றுதான் நினைத்தேன். ஆபத்து முழுவதும் அந்த நினைப்பில்தான் இருந்தது.

பிய்ந்த கோதை எடுத்துக்கொண்டு, அனுமதியோடு துவக்குத் திருத்துகிற வயதான சிங்களப் பாஸ் (கைவினைஞர்) ஒருவரிடம் போனேன். அவர் துவக்கைத் தொடவில்லை, முதலில் கோதைத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "மல்லி (தம்பி), இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார். மூன்று என்றேன். "அதை இதிலை போடாதை" என்றார். பிறகுதான் குழலைக் கழற்றினார்.

குழலின் அடியில், பூட்டோடு பொருந்துகிற தட்டையான இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள். இத்தனை நாள் அதை அழகுக்குக் கொத்தினது என்று நினைத்திருந்தேன். அவர் எண்ணெய்த் துணியால் துடைத்து, கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். கிரீடத்தின் கீழ் பி.வி., கிரீடத்தின் கீழ் பி.பி.: பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் அடையாளங்கள். 1813இல் தொடங்கின இடம் அது. குழலில் வேண்டுமென்றே கூடின வெடிமருந்து வைத்துச் சுட்டு, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். இந்த வடிவ முத்திரைகள் 1904க்குப் பிறகு வந்தவை. பக்கத்தில் சாய்சதுரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி என்ற எழுத்து. அந்தக் கட்டம் 1925 விதிகளுக்கு முந்தியது. அதற்குப் பிறகுதான் தோட்டா அறையின் (குழலின் பின்பக்கம் தோட்டா இருக்கிற இடத்தின்) நீளத்தையும் குழலிலேயே குத்தத் தொடங்கினார்கள். ஆக, அப்பாவின் துவக்கு 1904க்கும் 1925க்கும் இடையில் செய்தது, அறை எவ்வளவு நீளம் என்று எங்கேயும் எழுதாதது. கிரீடத்தின் கீழ் என்.பி. என்பதும் இருந்தது, புகையில்லா மருந்தால் சோதித்ததன் அடையாளம். அது இல்லாவிட்டால் பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்தைத் தவிர வேறெதையும் இந்தக் குழல் கண்டிருக்கவே கூடாது என்றார்.

12 என்ற எண் குழலின் அகலத்தை மட்டும்தான் சொல்கிறது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சரிசமமாக 12 உருண்டையாக்கினால், ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நிற்குமோ அது 12 போர். நீளத்தைப் பற்றி அந்த எண்ணுக்குள் ஒரு சொல்லும் கிடையாது. பாஸ் ஒரு பித்தளை அச்சை அறைக்குள் விட்டார். 64 மில்லிமீற்றர் அளவில் நின்றது. இரண்டரை அங்குல அறை. என் தோட்டாவின் பக்கத்தில் சின்ன எழுத்தில் 70 என்று போட்டிருந்தது. அது இரண்டே முக்கால் அங்குலம்.

அப்படியென்றால் எப்படி உள்ளே போனது? எனக்கு விளங்காமல் போன இடம் இதுதான். 70 என்பது சுட்டு விரிந்த பிறகு உள்ள நீளம். சுடாத தோட்டா வாய் மடிந்து 60 மில்லிமீற்றர் கூட வராது, அதனால் குட்டை அறைக்குள் தாராளமாகப் போகும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடம் வேண்டும். அறை முடிந்து குழல் ஒடுங்குகிற இடத்தில் போய் விரிந்தால், சன்னம் (தோட்டாவுக்குள் இருக்கிற ஈயக் குண்டுகள்) போகிற வழியைக் கோதே நெரிக்கும். பின்னால் அமுக்கம் ஏறும். பிய்ந்த வாயும், இறுகிய பூட்டும், தோள் நோவும் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. நூறு வருடத்துக் குழல் அன்று தாங்கியது எங்கள் அதிர்ஷ்டம். பக்கத்தில் என் மகன் டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றவன்.

அறையை நீட்டிக் குடையலாம்தானே என்று கேட்டேன். அவர் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். இடது குழலில் துரு தின்ற சொறி விழுந்திருந்தது. "மெல்லிசாப் போன இடத்திலை இன்னும் சுரண்டச் சொல்றியா?" அதோடு, குடைந்த குழலைத் திரும்பச் சோதனைக்கு வைக்காமல் சுடுவது சரியில்லை. அந்தச் சோதனைக்கு நான் எங்கே போவேன்? குட்டை அறைக்கென்று செய்கிற 65 மில்லிமீற்றர்த் தோட்டா இங்கிலாந்தில் இன்றும் வருகிறது. எனக்கு எட்டின இடத்தில் ஒரு பெட்டியும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. எண்பது தாண்டினவர், நெடுங்கேணியில் மகளோடு இருக்கிறார். சின்ன வயதில் இதே துவக்குக்குப் பித்தளைக் கோதில் தானே தோட்டா கட்டினவர். கேப்பு (மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடி) ஏற்றி, கறுப்பு மருந்து போட்டு, மட்டை, கம்பளி வட்டு, சன்னம், மேலே இன்னொரு மட்டை என்று கதை கதையாகச் சொல்லுவார். அவரிடம் கேட்டு நானும் கட்டலாம் என்ற ஆசையோடுதான் போனேன், மறைக்கவில்லை.

முழுக்கதையையும் கேட்டார். பிறகு, "தம்பி, அந்த மருந்து வேறை, இப்ப வாற மருந்து வேறை" என்றார். கறுப்பு மருந்து வெண்புகை கக்கும், அழுக்கு விடும், ஆனால் தள்ளிக்கொண்டு போகும். புகையில்லா மருந்துக்கு வலு கூட. "கறுப்பு மருந்து அளந்த கிண்ணத்தாலை இதை அள்ளிப் போட்டா, குழல் பிளந்து கை போகும். அப்பிடிக் கை போனவனை எனக்குத் தெரியும். மற்றது, உனக்கு ஆர் மருந்து வைச்சிருக்க அனுமதி தந்தது?" ஒருவரும் தரவில்லை. 1956ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் இருக்கிறது. துவக்குப் பத்திரம் மருந்து வைத்திருக்கிற பத்திரம் ஆகாது. வன்னியில் ஒரு வீட்டில் மருந்தும் கேப்பும் கண்டெடுத்தால் அந்தக் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சொறியைப் பற்றியும் கேட்டேன். அந்தக் காலத்துக் கேப்பு வெடித்தால் குழலுக்குள் உப்புப் படியும், கறியுப்பு மாதிரியே ஈரத்தை இழுக்கும். எண்ணெய் பூசினால் உப்புக் கரையாது. அதனால் வேட்டை முடிந்து வந்ததும், சாப்பிட முதல், கொதிதண்ணீர் வார்த்துக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். "நான் கழுவாமல் வைச்ச நாள் இல்லை," என்றார். சொல்லும்போது குரல் இறங்கியது. கடைசியாகச் சுட்டது யார், கழுவினார்களா, பொலிஸ் களஞ்சியத்தில் எத்தனை மாரி கிடந்தது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

வெளிக்கிடும்போது ஒரு பால்மா ரின்னைத் தந்தார். உள்ளே ஆறு பித்தளைக் கோது. கேப்பு இல்லை, மருந்து இல்லை, வெறுங்கோது. வீட்டுக்கு வந்து ஒன்றைத் துவக்கில் போட்டுப் பார்த்தேன். அறையின் விளிம்போடு விளிம்பாக, ஒரு நூல் கூடவுமில்லை குறையவுமில்லை, போய் இருந்தது. பாஸின் அளவு சரி.

மிச்சம் மூன்று தோட்டாவையும் திருப்பி ஒப்படைத்துப் பதிவு செய்தேன். துவக்கு எண்ணெய் பூசிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறது. புதுப்பித்துக்கொண்டு வருகிறேன், சுடுவதில்லை. பழைய துவக்கு வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து குழலைக் கழற்றி அடியைப் பாருங்கள், அறையை ஒருமுறை அளப்பியுங்கள், சுட்ட கோதை எறிய முதல் அதன் வாயைப் பாருங்கள்.

70 மில்லிமீற்றர் அறை உள்ள ஒற்றைக்குழல் ஒன்றுக்குப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறேன். விதானையாரின் கடிதம் கிடைத்துவிட்டது. கமநல சேவை நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் பரணில் நானும் மகனும் தகரத்தோடு இருக்கிறோம்.