டொயோட்டா 86: மேல் குறியைத் தாண்டிய ஆயிலை இறக்கிய அனுபவம்

சர்வீஸ் முடிந்து வண்டி கைக்கு வந்ததும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு காட்டும் கம்பியை, உருவிப் பார்த்துவிடுவது என் வழக்கம். இந்த முறை மேல் குறியைத் தாண்டி ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் ஏறியிருந்தது. வண்டி முதல் தலைமுறை டொயோட்டா 86. உள்ளே இருப்பது எஃப்ஏ20 என்ற 2 லிட்டர் பாக்ஸர் என்ஜின். ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் இதற்கு 5.4 லிட்டர் ஆயில். பில்லை எடுத்துப் பார்த்தேன், 6 லிட்டர் என்று இருந்தது. கேனைத் திறந்தாகிவிட்டது, மிச்சத்தை யார் வைத்துக்கொள்வது என்று மொத்தத்தையும் ஊற்றியிருப்பார்கள் போல.

திருப்பிக் கொண்டுபோய் விடலாம். ஆனால் அங்கே ஆயிலை வடிக்கும் அடி மூடியான ட்ரெயின் பிளக்கைத் தளர்த்தி, குத்துமதிப்பாகக் கொஞ்சம் வடித்து, “சரியாப் போச்சு சார்” என்று சொல்லி அனுப்புவார்கள். அதை நானே நிதானமாகச் செய்யலாமே என்று தோன்றியது.

செய்யும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது: டிப்ஸ்டிக் காட்டுவது நிஜமா? இந்த என்ஜினில் அது சுலபமான கேள்வி இல்லை. பாக்ஸரில் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்துக் கிடக்கும். செங்குத்தான என்ஜினில் ஹெட்டில் (சிலிண்டர்களை மூடியிருக்கும் பகுதி) இருக்கும் ஆயில் கடகடவென்று கீழே இறங்கிவிடும். இதில் அது ஆற அமரத்தான் சம்புக்கு (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வந்து சேரும். என்ஜினை நிறுத்தின கையோடு பார்த்தால் குறைவாகக் காட்டும். அதை நம்பி இன்னும் கொஞ்சம் ஊற்றினால், அரைமணி கழித்துப் பார்க்கும்போது மேல் குறியைத் தாண்டியிருக்கும். பல வண்டிகளில் ஆயில் அதிகமாவதே இப்படித்தான்.

இன்னொரு தொல்லை, டிப்ஸ்டிக் இறங்கும் குழாய். அதன் உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஆயில் கம்பியில் தடவிக்கொண்டு வரும். ஒரு பக்கம் மேல் குறிக்கு அருகிலும், திருப்பிப் பார்த்தால் மறுபக்கம் அதைவிட எங்கோ மேலேயும் கோடு தெரியும். குறைவாகக் காட்டும் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். புது 0டபிள்யூ-20 (மெல்லிய ரக) ஆயில் வேறு வெளிர்மஞ்சளாக, கண்ணாடி மாதிரி இருப்பதால் பளபளக்கும் கம்பியில் எங்கே முடிகிறதென்றே தெரியாது. நான் கம்பியை ஒரு டிஷ்யூ பேப்பரின் மேல் படுக்கவைத்து லேசாக அழுத்தினேன். ஈரம் ஊறின இடம் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் ஸ்கேலை வைத்து அளந்தேன். பல வருஷமாகக் கம்பியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்வேன்.

குளிர்ந்த என்ஜினிலும் பார்த்தேன், சூடேறின பிறகும் பார்த்தேன். காலையில் மேல் குறிக்கு மேலே 9 மில்லிமீட்டர். ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்து பார்த்தபோது 12. இந்த வித்தியாசம் தப்பில்லை. என்ஜின் ஆயில் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 0.07 சதவீதம் விரியும். 5.4 லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் கால் லிட்டருக்கும் சற்று அதிகமாகப் பெருகும். அதில் கொஞ்சம் ஹெட்டிலேயே தங்கிவிடுவதால் கம்பியில் அத்தனையும் தெரியாது. கையேடு சூடான அளவைத்தான் கேட்கிறது. அதனால் 12 என்பதையே கணக்கில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம், ஏறியிருப்பது ஆயில்தானா என்பதையும் பார்த்துவிட்டேன். சர்வீஸ் முடிந்த உடனே அதிகமாக இருந்தால் ஊற்றினவர் மேல் சந்தேகப்படலாம். நன்றாக இருந்த அளவு வாரக்கணக்கில் தானாக ஏறினால் அது வேறு வியாதி. இந்த என்ஜினின் டி-4எஸ் அமைப்பில் பெட்ரோல் இன்டேக் போர்ட்டிலும் (காற்று உள்ளே நுழையும் வழி) பீய்ச்சும், நேராகச் சிலிண்டருக்குள்ளும் பீய்ச்சும். என்ஜின் சூடேறுவதற்குள்ளேயே நிறுத்திவிடும் குட்டி ஓட்டங்களாக இருந்தால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சம்புக்கு இறங்கலாம். டிப்ஸ்டிக் நுனியை மோந்து பார்த்தாலே பெட்ரோல் நெடி காட்டிக்கொடுத்துவிடும். கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருந்தால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பழுப்பு வெள்ளையாகக் குழம்பு மாதிரி படிந்திருக்கும். இந்த இரண்டில் எது இருந்தாலும் கொஞ்சம் எடுத்துவிட்டுச் சமாளிக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடித்து, ஆயில் முழுவதையும் மாற்றத்தான் வேண்டும். என் வண்டியில் நெடியும் இல்லை, குழம்பும் இல்லை.

அரை லிட்டர்தானே, விட்டுவிட்டால் என்ன? சாதாரணமாக ஊருக்குள் ஓடும் காரில் பெரிதாக ஒன்றும் ஆகாமலே போகலாம். 86 அப்படியில்லை. எடையின் மையத்தைத் தரையிலிருந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவர, தட்டையான இந்த என்ஜினை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கிராங்க்‌ஷாஃப்டுக்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சம்பில் நிற்கும் ஆயிலுக்கும் நடுவே வாரி வழங்கும் அளவுக்கு இடம் கிடையாது. இதன் முழு பவர் 7000 ஆர்பிஎம்மில்தான் வரும், அங்கே போகத்தானே இந்த வண்டியை வாங்குகிறோம். அந்த வேகத்தில் கிராங்க்கின் எடைக்கட்டிகள் ஆயிலைத் தொட்டால் அதைக் கடைய ஆரம்பித்துவிடும். ஆயிலில் காற்று புகுந்து நுரைக்கும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சினால் பிரஷர் தடுமாறும். பேரிங்கில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலத்தில் காற்றுக் குமிழி வந்து உட்காரும். ஆயில் அதிகமாக இருந்தும், ஆயில் பற்றாமல் தேய்கிற கூத்து அங்கேதான் நடக்கும்.

பிசிவி குழாய் (என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்) வழியாக ஆயில் மூட்டம் இன்டேக்குக்குப் போவது அடுத்த சங்கடம். அது எரிந்து நீலப் புகையாக வரும், காலப்போக்கில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பதம் பார்க்கும். சீல் எல்லாம் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று பயமுறுத்துகிறார்களே, அரை லிட்டருக்கு அது கொஞ்சம் அதிகப்படி என்பது என் எண்ணம். ரேஸ் ட்ராக்கில் ஓட்டுபவர்களில் சிலர், நீண்ட வளைவுகளில், சம்பிலிருந்து ஆயிலை இழுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவதும் உண்டு. அவர்கள் தெரிந்து, அளந்து செய்வது அது. அதனால் நான் பதறவில்லை. ஆயிலை இறக்கும்வரை 3000 ஆர்பிஎம் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

எடுக்க மூன்று வழி இருந்தது. ட்ரெயின் பிளக்கைத் திறந்தால் ஆயில் சீறிக்கொண்டு வரும், அளந்து எடுப்பது கஷ்டம், வாஷரையும் மாற்ற வேண்டும். இவ்வளவு தாழ்வான வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்குவது தனி வேலை. ஃபில்டரைக் கழற்றலாமென்றால், இதில் அது பானட்டைத் திறந்ததும் கண்ணெதிரே, தலைகீழாக நிற்கிறது. கழற்ற லேசு. ஆனால் அதிலிருக்கும் ஆயில் பெரும்பாலும் என்ஜினுக்குள்ளேயே இறங்கிவிடும், நமக்குப் பிரயோஜனம் இல்லை. மிச்சமிருப்பது டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சுவது. சம்பின் அடிவரை டியூப் போக வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. மேலே மிதக்கும் அரை லிட்டரைத் தொட்டால் போதும்.

100 மில்லி சிரிஞ்ச், 4 மில்லிமீட்டர் நைலான் டியூப், அளவு போட்ட ஒரு காலி பாட்டில். மெத்தென்ற சிலிகான் டியூப் வேண்டாம். சிரிஞ்சை இழுக்கும்போது அது சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். டியூபை டிப்ஸ்டிக்கோடு பக்கத்தில் வைத்து, மேல் குறியிலிருந்து கைப்பிடிவரை அளந்து அங்கே டேப் சுற்றினேன். டேப் வரை உள்ளே விட்டால் நுனி மேல் குறியின் மட்டத்தில் நிற்க வேண்டும், அதற்குக் கீழே ஆயில் இறங்கியதும் வெறும் காற்றுதான் வரும் என்பது கணக்கு. கணக்கு அழகாக இருந்தது. டியூப் சுருளாக இருந்த பழக்கத்தில் உள்ளே போய் வளைந்துகொண்டது, ஆயில் தாராளமாக இருக்கும்போதே காற்று வந்தது. சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, டேப்பைத் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டதும் சரியானது. அதற்குப் பிறகு டேப்பை நம்பவில்லை, பாட்டிலின் அளவைத்தான் நம்பினேன்.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்வது நல்லது. ஆறிப்போனதை இழுத்தால் கட்டைவிரல் வலிக்கும். கொதிக்கும் ஆயிலோ டியூபையும் கையையும் சும்மா விடாது. மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் இணைப்பில் காற்று புகுந்து சிரிஞ்சுக்குள் குமிழியாகத்தான் நிரம்பும்.

300 மில்லி எடுத்ததும் டிப்ஸ்டிக்கைச் சொருகிப் பார்த்தேன். கம்பி முழுக்க ஆயில்! டியூபை வெளியே இழுத்தபோது குழாயின் உட்சுவர் முழுவதும் பூசிவிட்டு வந்திருக்கிறது. இதைப் பார்த்து மிரண்டு இன்னும் உறிஞ்சினால் அப்புறம் குறைந்துபோன ஆயிலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். நன்றாக விட்டுப்பிடித்து, கம்பியைத் துடைத்துத் துடைத்துச் சொருகி எடுத்த பிறகு டிஷ்யூவில் நிலையான கோடு வந்தது. 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஆக, என் வண்டியில் 100 மில்லிக்கு 2 மில்லிமீட்டர். இந்தக் கணக்கு கையில் வந்ததும் மீதி வேலை சுளுவாகிவிட்டது. மேலும் 350 மில்லி எடுத்தேன். மேல் குறிக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும்.

ஓட்டி, சூடேற்றி, நிறுத்தி, காத்திருந்து பார்த்தேன். மேல் குறிக்கு ஒட்டினாற்போல் கீழே நின்றது. மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில் அதற்கும் சற்றுக் கீழே.

பிசிவி குழாயின் இன்டேக் பக்கத்து முனையையும் கழற்றிப் பார்த்தேன். விரலில் மெல்லிய ஈரம் மட்டும். வழிகிற அளவுக்கு இல்லை, துடைத்து மாட்டிவிட்டேன். எடுத்த 650 மில்லி ஆயில் புதுசுதான், ஆனாலும் என்ஜினுக்குத் திரும்ப ஊற்றமாட்டேன். சிரிஞ்சின் ரப்பரிலிருந்து என்ன கரைந்திருக்குமோ. கதவுக் கீல், சைக்கிள் ஸ்டாண்டு என்று அதற்கு வேறு வேலை இருக்கிறது.

அடுத்த சர்வீஸுக்கு ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன். முதலில் 5 லிட்டர் மட்டும் ஊற்றச் சொல்லி, என்ஜினை ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்த பிறகுதான் மீதி. சிரிஞ்சையும் டியூபையும் கழுவி எடுத்துவைத்திருக்கிறேன், பிரேக் ஆயில் மாற்றும்போது ரிசர்வாயரைக் காலி செய்யப் புதுசாக வேறொன்று வாங்க வேண்டும். இதை அதற்குத் தொடக் கூடாது, என்ஜின் ஆயில் பட்டால் பிரேக் சீல்கள் ஊதிப்போகும்.